சாரங்கனின் டைரி

மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மாதம் ஒரு சிறுகதை வாசிப்பது என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். அப்புறம் டீ, அப்புறம் சண்டை. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ வந்த மாதம் சண்டை டீக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், “சாரங்கன் ரொம்பப் பாவம்ல?” என்றாள். பக்கத்திலிருந்த பையன் உடனே, “பாவமா? அந்தக் கதையிலயே அவன்தாங்க கெத்து” என்றான்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கதையை நான் ஏறத்தாழ இருபது வருடமாகத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். ஒரு தடவைகூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பாவம் என்றுதான் தோன்றியிருக்கிறது. பாவம் என்று நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தை மூடியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்துப் படித்தபோது, நான் அழுததெல்லாம் யாருக்காக என்பதில் சந்தேகம் வந்துவிட்டது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (படித்துவிட்டு வருவதே நல்லது. பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும்.) கதைசொல்லி ஆபீஸுக்குப் போய்வருகிறவர், புத்தகப் பிரியர், இரவு வெகுநேரம் கண்விழித்துப் படிப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவர் வீட்டில் படையெடுத்துவிடுகின்றன. தூங்குகிறவரை எழுப்புவது, புத்தகங்களைக் கலைப்பது, வாங்கி வருவதாகச் சொன்ன புத்தகம் எங்கே என்று மிரட்டுவது எல்லாம் நடக்கிறது. அவருக்கும் அதில் பெருமகிழ்ச்சி. பிருந்தாவுக்குக் காய்ச்சல் கண்டபோது போய்ப் பார்க்கிறார். பிள்ளைகளை அவர் கொஞ்சிக் குழைவதில்லை, சிநேகிதர்களாக நடத்துகிறார். அதனால்தான் அவர்கள் தன்னிடம் இப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று அவருக்கே ஒரு கணக்கு இருக்கிறது. புது வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டைரி கொடுக்கிறார், அன்பளிப்பு என்று பெயர் எழுதி. அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு இல்லை. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். எதற்குக் கூப்பிட்டான் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை. போகிறார். பையன் உபசரிக்கிறான். பலகாரம், காபி எல்லாம் ஆகிறது. பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டி, தன் பெயரைப் போட்டுப் பிரியத்தோடு கொடுத்ததாக எழுதித் தரச் சொல்கிறான்.

அவ்வளவுதான் கதை. அதை விளக்க அழகிரிசாமி நிற்கவில்லை.

*

பத்தொன்பது வயதில் முதன்முதலாகப் படித்தபோது நான் சாரங்கனாக இருந்தேன். இந்தக் கதையைப் படிக்கும் எல்லோருமே சாரங்கனாகத்தான் இருப்போம் என்று நினைக்கிறேன். யாருக்குத்தான் ஒரு டைரி விட்டுப்போயிருக்காது? பெரியம்மா வீட்டில், பள்ளிக்கூடத்தில், பிற்பாடு சிநேகிதக் கூட்டங்களில் நமக்கு வராமல் போன டைரிகளின் பட்டியல் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறோம். கதைசொல்லியை மன்னிப்பதா வேண்டாமா என்று நாம் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது ஒரு சுகம்.

பிறகு ஒரு காலத்தில் நானே அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசாமியானேன். குடியிருந்த தெருவில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வாரம் ஒருநாள் கதை வாசித்துக் காட்டுவேன். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா புத்தகங்கள் கொஞ்சம் வைத்திருந்தேன். பத்துப் பிள்ளைகள் வரும். கத்தும், மேலே விழும், “அண்ணா அண்ணா” என்று கையைப் பிடித்து இழுக்கும். வாரம் முழுவதும் வேலை தின்றது போக எனக்கு மிச்சமிருந்த நல்ல மனிதன் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் வெளியே வருவான். அப்படித்தான் நம்பினேன். வாசற்படியை ஒட்டி ஒரு பெண் குழந்தை உட்காரும். சத்தம் போடாது, புத்தகம் கேட்காது. கேட்டு வாங்கிக்கொண்டவர்களுக்குக் கொடுத்தேன், மேலே விழுந்தவர்களைத் தூக்கினேன். அந்தக் குழந்தை வராமல் போய் எத்தனையோ வாரம் கழித்துத்தான், வரவில்லை என்பதே எனக்கு உறைத்தது. விசாரிக்கலாம் என்றால் பெயர் தெரியவில்லை. மற்ற பிள்ளைகளிடம் “வாசல்கிட்ட உக்காருமே, அந்தப் பாப்பா” என்று அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது.

நான் அந்தக் குழந்தைக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அழகிரிசாமியின் கதைசொல்லியும் சாரங்கனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கதையின் பயங்கரம் (இந்தச் சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன்) அங்கேதான் இருக்கிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாம் தப்பித்திருப்போம். உண்மையாகவே அன்பானவர் அவர். பிள்ளைகளைச் சமமாக நடத்தத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரின் அன்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று மட்டும் ஆசிரியர் காட்டுகிறார். யார் நம்மிடம் வந்து ஒட்டிக்கொள்கிறார்களோ அவர்களிடம் அது பெருகுகிறது. ஒட்டத் தெரியாமல் கொஞ்சம் தள்ளி நிற்பவரிடம் போய்ச் சேர்வதில்லை. நமக்குத் திரும்பக் கிடைக்கும் பிரியத்தின் சூட்டில்தான் நம்முடைய கனிவு பாதி நேரம் குளிர்காய்கிறது.

*

கனிவுக்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: கண்ணோட்டம். திருக்குறளில் 58ஆம் அதிகாரம். இன்றைக்கு நாம் ‘பெண்ணியக் கண்ணோட்டம்’, ‘என் கண்ணோட்டத்தில்’ என்று கருத்து சொல்வதற்குப் பயன்படுத்துகிற அதே சொல்தான். கண் ஓடுவது என்பது ஒரு காலத்தில் இரக்கமாக இருந்தது, இப்போது அபிப்பிராயமாகிவிட்டது. இதில் ஏதோ இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு கட்டுரையாகிவிடும்.

எனக்கு ஆச்சரியம் தருவது, வள்ளுவர் இந்த விஷயத்தைப் பிரித்து வைத்திருக்கும் விதம். அன்புடைமை 8ஆம் அதிகாரம், இல்லறவியலில் வருகிறது. அருளுடைமை 25ஆம் அதிகாரம், துறவறவியலில். கண்ணோட்டம் பொருட்பாலில், அரசியலில். அதாவது அன்பு குடும்பஸ்தனுக்கு, அருள் துறவிக்கு, கண்ணோட்டம் அரசனுக்கு. அன்பு தொடர்புடையவர்களிடம் செல்வது, அருள் தொடர்பு பார்க்காமல் எல்லா உயிரிடமும் செல்வது என்று பரிமேலழகர் கோடு கிழிக்கிறார். கண்ணோட்டத்துக்கு அவர் சொல்லும் விளக்கம் இன்னும் நுட்பமானது. தன்னோடு பழகியவர்களைக் கண்டால் அவர்கள் சொன்னதை மறுக்க முடியாமல் போவது என்கிறார்.

பழகியவர்கள். கண்டால். இந்த இரண்டு நிபந்தனைகளையும் ‘அன்பளிப்பு’ கதைசொல்லியின் மேல் வைத்துப் பாருங்கள். பிருந்தா பழகியவள், சித்ரா பழகியவள். அவர்களைக் கண்டால் அவருக்கு மறுக்க முடியாது. சாரங்கன் அதே அறையில்தான் இருக்கிறான். ஆனால் அவன் பழகியவன் ஆகவில்லை, சரியாகச் சொன்னால் அவர் கண்ணில் படவே இல்லை. அரசனுக்கு வைத்த அதிகாரத்தை ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பொருத்துகிறாயே என்று கேட்கலாம். பத்துக் குழந்தைகள் சூழ்ந்து நிற்க, யாருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கிறவன் அந்த நேரத்துக்கு அரசன்தான். கையில் இரண்டு டைரி இருக்கிற எவருமே அரசன்தான்.

*

இதே இடத்தில் தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. ரயில் பயணம். சின்னப் பையன் ஒருவன், அவனுடைய அப்பா. அதே பெட்டியில், வீட்டுவேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போகப்படும் ஒரு சிறுமி. பையன் தான் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். தமிழில் கனிவைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் அதிகம் பேரை அழவைத்தது இதுவாகத்தான் இருக்கும். என்னையும் அழவைத்தது, இனியும் வைக்கும்.

ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். சிலிர்ப்பு யாருடையது? பக்கத்திலிருந்து பார்த்த அப்பாவினுடையது. அவர் வழியாக நம்முடையது. அந்தப் பெண் ஆரஞ்சோடு கல்கத்தா போய்ச் சேர்ந்தாளா, அங்கே அவளுக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் ரயிலோடு போய்விடுகிறது. ஜானகிராமனுக்கு இது தெரியாமல் இல்லை. அவள் எங்கே போகிறாள் என்று அத்தனை நேரம் நம்மைக் கேட்கவைத்த பிறகுதான் பழத்தை எடுக்கவைக்கிறார். அந்தப் பழம் எவ்வளவு சின்னது என்று அவருக்குத் தெரியும். பிரச்சினை கதையில் இல்லை, அதன் வாரிசுகளில் இருக்கிறது. இன்றைக்கு ‘பேரன்பு’ என்ற சொல்லை நாம் இறைக்கிற இறைப்பில் எழுதப்படும் பல கதைகளில், கொடுத்தவரின் கண்ணில் நீர் வந்ததும் கதை முடிந்துவிடுகிறது. வாங்கியவர் என்ன நினைத்தார் என்று கேட்க ஆளில்லை. ஆட்டோக்காரர் மீதிச் சில்லறை வாங்க மறுக்கிறார், பூக்காரப் பாட்டி இரண்டு முழம் சும்மா தருகிறார், எழுதுகிறவர் நெகிழ்கிறார். போன மாதம் மட்டும் இப்படி மூன்று கதை படித்தேன்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் வண்ணதாசனைத் துணைக்கு அழைப்பார்கள். பாவம் அவர். ‘நிலை’ கதையில் வீட்டுவேலை செய்யும் கோமு என்ற சிறுமியை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தவர்கள் அப்படி அழைக்க மாட்டார்கள். தேரோட்ட நாள், எல்லோரும் போகிறார்கள், அவளுக்கு வேலை இருக்கிறது. யாரும் அவளை அடிக்கவில்லை. அவளுக்கும் தேர் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அழகிரிசாமியின் தலைப்பு வேறு மாதிரி. அன்பளிப்பு என்பது டைரியின் முதல் பக்கத்தில் எழுதப்படும் சொல். அது சாரங்கனுக்கு வேண்டிய சொல். கதை கொடுப்பவரின் குரலில் சொல்லப்பட்டிருந்தாலும் தலைப்பு கிடைக்காதவனுடைய கையில் இருக்கிறது. அவருடைய இன்னொரு கதையான ‘ராஜா வந்திருக்கிறார்’ இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. தீபாவளி. ஏழை வீடு. உடம்பெல்லாம் சிரங்கோடு, எச்சில் இலையிலிருந்து எடுத்துத் தின்னும் அநாதைப் பையனைத் தாயம்மாள் வீட்டுக்குள் அழைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென்று வைத்திருந்த துண்டு அவனுக்குப் போகிறது. பெரிய வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்றால் எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று பிள்ளை பீற்றிக்கொள்கிறது. இந்தக் கதையிலும் நான் பார்ப்பது துண்டின் கணக்கைத்தான். அந்த வீட்டில் உபரி என்று எதுவும் இல்லை. அங்கே ஒருவருக்குக் கொடுப்பது என்றால் இன்னொருவரிடமிருந்து எடுப்பது. அழகிரிசாமி இந்தக் கணக்கை மறைப்பதே இல்லை. அவருடைய கனிவில் எப்போதும் எண்ணிக்கை இருக்கிறது: எத்தனை சட்டை, எத்தனை துண்டு, எத்தனை டைரி. கனிவு அளவற்றது என்று சொல்பவர்கள் அதைப் பங்கிட்டுப் பார்க்காதவர்கள்.

*

இப்போது அந்தப் பையன் சொன்ன ‘கெத்து’க்கு வருகிறேன்.

நம்மிடம் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. கேட்டு வாங்கினால் அது அன்பு இல்லை. தானாக வர வேண்டும். வராவிட்டால் மனசுக்குள் வைத்துக்கொண்டு முறுக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டிலெல்லாம் இதற்கு ‘ரோஷம்’ என்று பெயர். பந்தியில் இலைக்குப் பாயசம் வராவிட்டால் கேட்காமல் எழுந்து வந்து, பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுகிற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. அதற்கு மறுகோடியில் இப்போது புதிதாக ஒரு போதனை: யாரிடமும் எதிர்பார்க்காதே, உனக்கு நீயே போதும், உன்னை நீயே நேசி. ரீல்ஸில் நாளைக்கு நாலு வருகிறது. இரண்டும் வேறுவேறு மாதிரி தெரிகிறது. உள்ளே ஒன்றுதான். இரண்டிலும் நாம் இன்னொருவர் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.

சாரங்கன் இந்த இரண்டையும் செய்யவில்லை. அவனுக்கு டைரி வரவில்லை. ரோஷக்காரனாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தியிருப்பான், என் வாசற்படிக் குழந்தையைப் போல. தனக்குத்தானே போதும் என்பவனாக இருந்தால் ஒரு டைரி சம்பாதித்துத் தானே எழுதிக்கொண்டிருப்பான். அவன் என்ன செய்கிறான்? டைரியைத் தானே தேடிக்கொள்கிறான். எழுத்தை மட்டும் கேட்கிறான்.

இதை இத்தனை வருடம் நான் கவனிக்கவில்லை. எதைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியும், எது இன்னொருவரிடமிருந்துதான் வர முடியும் என்று அந்தப் பையனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தாள், அட்டை, தேதிகள் எல்லாம் கடையில் கிடைக்கும். தன் பெயருக்கு முன்னால் பிரியம் என்ற சொல்லை இன்னொருவரின் கையெழுத்தில் பார்ப்பது கடையில் கிடைக்காது. தன்னிடம் தான் கனிவாக இருப்பது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இனி இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். தன் ஆசையை அவன் கேவலமாக நினைக்கவில்லை. அதைச் சின்னதாக்கவும் இல்லை, அதற்காக யாரையும் தண்டிக்கவும் இல்லை. பாதிப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு மீதிக்கு ஆளைக் கூப்பிடுகிறான்.

கூப்பிடுகிற விதமும் முக்கியம். அவர் வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். அங்கே கேட்டால் பத்தோடு பதினொன்று, அவர் கொடுப்பவர், இவன் வாங்குபவன். தன் வீட்டுக்கு வரவழைக்கிறான். நாற்காலி போட்டு, பலகாரம் வைத்து, காபி கொடுத்து, அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக்காரனாகிறான். முதலில் தான் கொடுத்துவிட்டுத்தான் வாங்குகிறான். கெத்து என்று அந்தப் பையன் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். நான் வீடு போய்ப் படித்துக் கண்டுபிடித்ததை அவன் கேட்ட மாத்திரத்தில் பிடித்துவிட்டான்.

அப்படியென்றால் அவனுக்காக அழுதது? அது எனக்காகத்தான். சாரங்கனைப் பாவமாக்கினால் எனக்கு இரண்டு லாபம். என் விட்டுப்போன டைரிகளுக்காக அழலாம். பிற்பாடு, கதைசொல்லியாக மாறிய பிறகு, குற்றவுணர்ச்சியில் உருகி என்னை நானே நல்லவன் என்று மறுபடி நிரூபித்துக்கொள்ளலாம். அந்த வாசற்படிக் குழந்தையின் விஷயத்தில் அதைத்தான் செய்தேன். எத்தனையோ பேரிடம் அந்தக் கதையைச் சொல்லி, தொண்டை அடைத்து, “நீங்க இவ்வளவு யோசிக்கிறீங்களே, அதுவே பெரிசு” என்ற பாராட்டையும் வாங்கியிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு இருந்திருக்கும். போய்க் கதவைத் தட்டவில்லை.

கதைசொல்லியிடம் சாரங்கன் இந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை என்பதையும் பார்க்கிறேன். மன்னிப்புக் கேள் என்று சொல்லவில்லை, ஏன் தரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் காரணம் சொல்லியிருப்பார், சமாதானம் சொல்லியிருப்பார், தலையைத் தடவியிருப்பார். பையன் பேனாவைப் பிடிக்கவைக்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் தானே சொல்கிறான். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், எழுதுவது. வருந்துவதற்கு இடமே வைக்காத கருணை அது. அவர் மேல் அவன் காட்டியது.

அழகிரிசாமி 1923இல் இடைசெவலில் பிறந்தவர், கி. ராஜநாராயணனின் ஊர்க்காரர், சிநேகிதர். ‘சக்தி’யில் வேலை பார்த்தார், மலேயாவுக்குப் போய் ‘தமிழ் நேச’னில் இருந்தார், 1970இல் நாற்பத்தேழு வயதுகூட நிறையாமல் இறந்தார். அந்த வருடத்துச் சாகித்திய அகாதெமி விருது அவருடைய சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. தொகுப்பின் பெயர் ‘அன்பளிப்பு’. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அன்றைக்கு மாடியில் சண்டை கடைசியாக ஒரு கேள்வியில் வந்து நின்றது. எழுதி வாங்கிக்கொண்ட பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரங்கன் அவர் வீட்டுக்குப் போயிருப்பானா? போயிருப்பான், கத்திக்கொண்டு முதல் ஆளாகப் போயிருப்பான் என்றார்கள் மூன்று பேர். போகமாட்டான், அவனுக்கு இனி அங்கே வேலை இல்லை என்றான் கெத்துப் பையன். பாவம் என்று ஆரம்பித்த பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “போயிருப்பான். ஆனா அதே இடத்துலதான் உக்காந்திருப்பான். இந்தத் தடவை அவர் பார்ப்பாரான்னுதான் பாக்கணும்” என்றாள். ஃபிளாஸ்க்கில் டீ தீர்ந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.